குண்டூரில் ஹீலியம் கிடைத்ததா?

சூரிய கிரகணம் வரும்போதெல்லாம் ஒரு செய்தியும் கூடவே சுற்ற ஆரம்பிக்கும். "ஹீலியம் என்ற தனிமம் கண்டுபிடிக்கப்பட்டது நம்ம ஆந்திராவின் குண்டூரில், 1868 ஆகஸ்ட் 18 அன்று." போட்டித் தேர்வுக்கான வினா விடைப் புத்தகங்களிலும் இதே வரிதான். கண்டுபிடித்தவர்: ஜான்சென். இடம்: குண்டூர். முடிந்தது கதை.

இது முழுப் பொய் இல்லை. ஆனால் ஒரு தனிமத்தைக் "கண்டுபிடிப்பது" என்றால் என்ன என்ற கேள்வியை இவ்வளவு அழகாகக் கிளப்பும் சம்பவம் வேதியியல் வரலாற்றில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. குண்டூரில் அன்று தெரிந்தது ஒரு மஞ்சள் கோடு. அந்தக் கோட்டுக்கு உரிய பொருள் பூமியில் ஒருவர் கைக்கு வந்து சேர 27 வருஷம் ஆனது. நடுவில் வேதியியலாளர்கள் பலர் அதை நம்பவே இல்லை. அவர்கள் நம்பாததற்கு நல்ல காரணமும் இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கருவியைப் பற்றி. 1859-60இல் ஹைடல்பர்க்கில் கிர்க்காஃப், புன்சன் இருவரும் ஒன்றைக் காட்டினார்கள். ஒரு பொருளைச் சுடரில் காட்டி, வரும் ஒளியை முப்பட்டகத்தால் பிரித்தால், ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய கோடுகளை மட்டும் காட்டும். கைரேகை மாதிரி. சோடியத்தின் மஞ்சள் கோடு இவற்றில் ரொம்பப் பிடிவாதமானது. ஒரு மில்லிகிராமில் முப்பது லட்சத்தில் ஒரு பங்கு சோடியம் இருந்தாலும் அது தெரிகிறது என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். காற்றில் மிதக்கும் தூசியின் உப்பே போதும். இந்த விவரத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த முறையிலேயே சீசியம், ருபிடியம், தாலியம், இண்டியம் என்று நான்கு புதிய தனிமங்கள் 1860க்கும் 1863க்கும் இடையில் வரிசையாகக் கிடைத்தன. நான்கிலும் நடந்தது ஒன்றே: முதலில் கோடு தெரிந்தது, பிறகு அந்தப் பொருளையோ அதன் சேர்மங்களையோ பிரித்துக் குப்பியில் போட்டுக் காட்டினார்கள். கோடு என்பது துப்பு, குப்பிதான் சாட்சி.

இந்தக் கருவி கைக்கு வந்த பிறகு இந்தியாவில் தெரிந்த பெரிய முழு கிரகணம் 1868இல் வந்தது. நிழல் ஏடன் பக்கமிருந்து அரபிக்கடலைத் தாண்டி, மேற்குக் கரையில் ஏறி, தக்காணத்தைக் குறுக்கே கடந்து, மசூலிப்பட்டினம் வழியாக வங்காள விரிகுடாவில் இறங்கி, சயாமுக்குப் போனது. சயாமில் மன்னர் மோங்குட் தானே கணித்து, விருந்தினரை அழைத்துக் காட்டினார். போன இடத்தில் மலேரியா பிடித்து அக்டோபர் 1ஆம் தேதி இறந்தும் போனார். அது தனிக்கதை.

இந்தியாவில் நிழல் பட்ட வழியெங்கும் குழுக்கள் உட்கார்ந்திருந்தன. குண்டூரில் பிரெஞ்சு அரசு அனுப்பிய பியர் ஜான்சென். அதே ஊரில் ஆங்கிலேயர் தரப்பில் மேஜர் டெனண்ட். ஜம்கண்டியில் லெப்டினன்ட் ஜான் ஹெர்ஷல், பெரிய ஹெர்ஷல் குடும்பத்துப் பேரப்பிள்ளை. மசூலிப்பட்டினத்தில் மதராஸ் வானாய்வகத்தின் தலைவர் நார்மன் போக்சன். நுங்கம்பாக்கத்தில் இன்று வானிலை ஆய்வு மையம் இருக்கும் அதே வளாகம்தான் போக்சனின் வானாய்வகம். விண்மீன்களின் பிரகாசத்தை அளக்க இன்றும் பயன்படும் 2.512 என்ற விகிதம் இவர் 1856இல் கொடுத்தது. அதே வானாய்வகத்தின் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி, நிஜாம் பகுதியில் இருந்த வனபர்த்திக்குத் தனிக் குழுவோடு போனார். கிரகணச் செய்திகளில் ஜான்சென் பெயர் வரும் அளவுக்கு இவர் பெயர் வராதது எனக்கு எப்போதும் உறுத்தும். பின்னாளில் 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது இந்திய மொழிகளில் விளக்கப் புத்தகம் எழுதியவர் இவர்தான்.

சரி, கிரகணத்துக்கு வருவோம். காலை ஒன்பது மணி தாண்டியதும் குண்டூரில் சூரியன் முழுக்க மறைந்தது. விளிம்பில் செந்நிறப் பிழம்புகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஜான்சென் நிறமாலைமானியை அங்கே திருப்பினார். தொடர்ச்சியான வானவில் பட்டை இல்லை. தனித்தனியாகப் பிரகாசமான கோடுகள். அப்படியென்றால் பிழம்புகள் எரியும் வாயு. முக்கியமாக ஹைட்ரஜன்.

அன்றைய பெரிய கேள்விக்கு அதுவே விடை. அந்தப் பிழம்புகள் சூரியனைச் சேர்ந்தவையா, நிலாவைச் சேர்ந்தவையா, இல்லை வெறும் கண்மாயமா என்று அதுவரை ஆட்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஜான்செனுக்கு அதைவிடப் பெரிதாக ஒன்று தோன்றியது. கோடுகள் இவ்வளவு பிரகாசமாக இருக்கின்றனவே, கிரகணம் இல்லாமலே இவற்றைப் பார்க்கலாமே! மறுநாள் காலை, பளீரென்ற வெயிலில், கருவியின் பிளவைச் சூரிய விளிம்பில் பொருத்திப் பார்த்தார். தெரிந்தது. அடுத்து இரண்டு வாரத்துக்கும் மேலாகத் தினமும் அதே வேலை. வருஷத்தில் சில நிமிடம்கூடக் கிடைக்காத காட்சி தினசரி கிடைக்க ஆரம்பித்தது. குண்டூரின் உண்மையான பெருமை இதுதான் என்பது என் அபிப்பிராயம். ஜான்சென் பாரிஸுக்கு எழுதிய கடிதமும் இதைத்தான் பேசுகிறது. புதிய தனிமம் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை.

மஞ்சள் கோடு? அது எல்லாருக்கும் தெரிந்தது. சயாம் பக்கம் போயிருந்த ராயே ஒன்பது கோடுகளைப் பட்டியலிட்டார், அதில் மஞ்சளும் ஒன்று. டெனண்ட் பார்த்தார், ஹெர்ஷல் பார்த்தார். எல்லாரும் அதை டி கோடு என்று எழுதினார்கள். அதாவது சோடியம். எங்கே பார்த்தாலும் ஒட்டிக்கொண்டு வரும் அதே உப்பு. யார்தான் சந்தேகப்படுவார்கள்? போக்சன் மட்டும் தன் அறிக்கையில் அது டி கோட்டிலோ அதன் அருகிலோ இருப்பதாகக் குறித்தார். அந்த "அருகில்" என்ற ஒரு சொல்லுக்குள் ஒரு தனிமம் ஒளிந்திருந்தது. ஆனால் அந்த அறிக்கை ஐரோப்பாவில் அதிகம் பரவவில்லை.

அக்டோபர் 20ஆம் தேதி, லண்டனில், நார்மன் லாக்யர் கிரகணம் இல்லாமலே பிழம்புகளின் கோடுகளைப் பார்த்துவிட்டார். ஜான்செனின் வெற்றி அவருக்குத் தெரியாது. லாக்யர் முழுநேர விஞ்ஞானி கிடையாது, போர் அலுவலகத்தில் குமாஸ்தா. வானியல் அவருக்குப் பொழுதுபோக்கு. (மறு வருஷமே நேச்சர் இதழைத் தொடங்கியவரும் இவர்தான்.) சூயஸ் கால்வாய் திறக்காத காலம். இந்தியாவிலிருந்து கிளம்பிய ஜான்செனின் கடிதமும், பக்கத்து நாட்டிலிருந்து வந்த லாக்யரின் செய்தியும் அக்டோபர் கடைசியில் பாரிஸ் அகாடமியில் ஒரே கூட்டத்தில் வாசிக்கப்பட்டன. இருவர் முகமும் பொறித்த ஒரு பதக்கம் பிறகு வெளியானது. முறையைக் கண்ட இரட்டையருக்கான மரியாதை அது. பிற்காலத்தில் அது ஹீலியப் பதக்கமாகத் திரிந்துவிட்டது!

லாக்யரிடம் இருந்தது நேரம். கிரகணம் பார்க்கப் போனவர்களுக்குச் சில நிமிடம், இவருக்கு மாதக்கணக்கு. அளந்து பார்த்தார். சோடியம் கோடு உண்மையில் இரட்டை. இன்றைய கணக்கில் 589.6, 589.0 நானோமீட்டர். சூரியப் பிழம்பின் மஞ்சள் கோடு இரண்டிலும் பொருந்தாமல் 587.6 பக்கம் நின்றது. டி1, டி2 ஏற்கெனவே இருந்ததால் இதற்கு டி3 என்று பெயர். இன்னொரு விசித்திரம்: சாதாரண சூரிய ஒளியில் சோடியம் கருங்கோடாகத் தெரியும், டி3 இடத்தில் கருங்கோடு இல்லை.

லாக்யர் வேதியியலாளர் ஃப்ராங்க்லாண்டைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். ஹைட்ரஜனே வெவ்வேறு அழுத்தத்திலும் வெப்பத்திலும் இந்தக் கோட்டைக் காட்டுகிறதா என்று சோதித்தார்கள். காட்டவில்லை. அப்படியானால் பூமியில் இல்லாத ஏதோ ஒன்று. சூரியனுக்குக் கிரேக்கச் சொல் ஹீலியோஸ், அதிலிருந்து ஹீலியம். இந்தப் பெயரை அச்சில் முதலில் கொண்டுவந்தவர் லாக்யர்கூட இல்லை. 1871இல் பிரிட்டிஷ் அசோசியேஷன் கூட்டத்தில் வில்லியம் தாம்சன், பிற்காலத்து கெல்வின் பிரபு, தலைமையுரையில் சொன்னார். லாக்யர் அதை உலோகம் என்று நினைத்தார் போலும், சோடியம், கால்சியம் மாதிரி "இயம்" விகுதி போட்டார். ஃப்ராங்க்லாண்டுக்கு இந்த முழு விஷயத்திலும் அரை மனசுதான்.

இப்போது எதிர்த்தரப்பு.

மஞ்சள் கோடு தெரிந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை, 1869 மார்ச்சில் ரஷ்யாவில் மெண்டலீவின் தனிம அட்டவணை வந்தது. அறிந்திருந்த 63 தனிமங்களை அணு எடைப்படி வரிசைப்படுத்தினால், குணங்கள் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகின்றன. வராத இடத்தில் அவர் கட்டத்தைக் காலியாக விட்டார். அலுமினியத்துக்குக் கீழே ஒன்று, போரான் வழியில் ஒன்று, சிலிகானுக்குக் கீழே ஒன்று என்று குணங்களை முன்கூட்டியே எழுதினார். 1875இல் காலியம், 1879இல் ஸ்காண்டியம், 1886இல் ஜெர்மானியம். மூன்றும் அதே கட்டங்களில் வந்து உட்கார்ந்தன. அதற்குப் பிறகு அட்டவணையின் சொல்லுக்கு ஒரு தனி மதிப்பு.

ஹீலியத்துக்கு அங்கே கட்டம் இல்லை. காலிக் கட்டம்கூட இல்லை. வெறும் கோட்டை வைத்துக்கொண்டு அணு எடை சொல்ல முடியாது, சேர்மம் சொல்ல முடியாது, எந்தக் குடும்பம் என்று சொல்ல முடியாது. அட்டவணைக்குள் நுழைய என்ன கேட்பார்களோ அதில் ஒன்றுமே இதனிடம் கிடையாது. 1889இல் லண்டனில் ஃபாரடே சொற்பொழிவு ஆற்றியபோதும் மெண்டலீவ் அதைக் கற்பனைச் சரக்கு என்ற தொனியில்தான் தள்ளினார். தெரிந்த ஒரு தனிமமே சூரியனின் கடுமையான சூழலில் வேறு கோடு காட்டுகிறது என்பது எதிர்த்தரப்பின் வாதம்.

இதைப் படித்து "பாவம், பெரியவர் தப்புப் பண்ணிட்டார்" என்று சிரிக்க வேண்டாம். இதே மாதிரி வானத்தில் தெரிந்த வேறு கோடுகளின் கதையைப் பாருங்கள். 1864இல் விண்முகில்களில் பச்சைக் கோடுகள் தெரிந்தன. எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை, "நெபுலியம்" என்று பெயர் வைத்தார்கள். 1869 கிரகணத்தில் சூரியனின் ஒளிவட்டத்தில் இன்னொரு பச்சைக் கோடு, அதற்குக் "கொரோனியம்". 1927இல் ஐரா போவன் நெபுலியம் என்பது இரண்டு எலக்ட்ரான் இழந்த ஆக்சிஜன் என்று காட்டினார். 1940 வாக்கில் கொரோனியமும் அடையாளம் தெரிந்தது. பதிமூன்று எலக்ட்ரான் உரித்தெடுக்கப்பட்ட சாதாரண இரும்பு! அதாவது தெரிந்த தனிமமே கடுமையான சூழலில் வேறு கோடு காட்டியது. எதிர்த்தரப்பின் வாதம் மூன்றில் இரண்டு முறை சரி. ஹீலியம் மட்டும் விதிவிலக்கு. 1880இல் நின்று பார்த்தால் எது விதிவிலக்கு என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

நடுவில் 1880களின் தொடக்கத்தில் இத்தாலியின் பால்மியேரி வெசூவியஸ் எரிமலைப் பொருளில் டி3 தெரிந்ததாக அறிவித்தார். விவரம் போதாமல் அது அப்படியே அமுங்கிவிட்டது.

கதவு திறந்தது எதிர்பாராத பக்கத்திலிருந்து. ரேலே பிரபு நைட்ரஜனின் அடர்த்தியை அளந்துகொண்டிருந்தார். காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன் லிட்டருக்கு 1.257 கிராம், சேர்மங்களிலிருந்து எடுத்தது 1.250 கிராம். வேறொருவர் என்றால் பிழை என்று விட்டிருப்பார். ரேலே விடவில்லை. லண்டனில் இருந்த வில்லியம் ராம்சே சேர்ந்துகொண்டார். காற்றிலிருந்து ஆக்சிஜன், நைட்ரஜன் எல்லாவற்றையும் நீக்கிய பிறகும் எதனோடும் சேராத ஒரு வாயு மிச்சம் இருந்தது. 1894இல் அறிவித்தார்கள். எதிலும் சேராத சோம்பேறி என்ற பொருளில் ஆர்கான் என்று பெயர்.

இங்கே ஒரு வேதியியல் சிக்கல். அணு எடையைச் சேர்மங்களை வைத்துத்தான் பெரும்பாலும் தீர்மானிப்பார்கள். எதனோடும் சேராத வாயுவை என்ன செய்வது? அடர்த்தியிலிருந்து மூலக்கூறு எடை சுமார் 40 என்று வந்தது. அந்த மூலக்கூறில் ஓர் அணுவா இரண்டா? வாயுவுக்குள் ஒலியின் வேகத்தை அளந்தார்கள். அதிலிருந்து கிடைக்கும் வெப்ப விகிதம் ஓரணு மூலக்கூறுக்கு உரிய 1.67ஐ ஒட்டி வந்தது. எனவே அணு எடை 40. பொட்டாசியம் 39, கால்சியம் 40. நடுவில் இடமே இல்லை. மெண்டலீவ் இதையும் ஏற்கவில்லை. மூன்று நைட்ரஜன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறாக இருக்கலாம் என்றார். ஓசோன் மாதிரி. மூன்று பதினாலு நாற்பத்திரண்டு, கணக்கு கிட்டத்தட்ட வருகிறதே!

ஆர்கான் எதனோடாவது சேருமா என்று ராம்சே தேடிக்கொண்டிருந்தபோது, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் கனிமவியலாளர் ஹென்றி மையர்ஸ் ஒரு தகவல் எழுதினார். அமெரிக்காவின் ஹில்லெபிராண்ட் சில வருஷம் முன்பு யுரேனியக் கனிமத்தை அமிலத்தில் போட்டபோது ஒரு மந்தமான வாயு வந்தது, அவர் அதை நைட்ரஜன் என்று எழுதிவிட்டார், ஒருவேளை ஆர்கானாக இருக்குமோ? ராம்சே க்ளீவைட் என்ற கனிமத்தை வாங்கி வந்து கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்தார். வந்த வாயுவைச் சுத்தம் செய்து, குழாயில் அடைத்து, மின்சாரம் பாய்ச்சினார். 1895 மார்ச். பளிச்சென்று ஒரு மஞ்சள் கோடு.

முதலில் சோடியம் என்றுதான் அவரும் நினைத்திருக்க வேண்டும், யாரும் நினைப்பார்கள். பக்கத்தில் சோடியத்தை வைத்துப் பார்த்தால் பொருந்தவில்லை. மறைந்திருந்தது என்ற பொருளில் கிரிப்டான் என்று தற்காலிகமாகப் பெயர் வைத்துக்கொண்டு, குழாயை நிறமாலை நிபுணர் க்ரூக்ஸுக்கு அனுப்பினார். மார்ச் 23ஆம் தேதி தந்தி வந்தது: உங்கள் கிரிப்டான் ஹீலியம்தான், வந்து பாருங்கள். கிரிப்டான் என்ற பெயரை ராம்சே வீணாக்கவில்லை, மூன்று வருஷம் கழித்து வேறு வாயுவுக்குச் சூட்டினார்.

அதோடும் முடியவில்லை. பூமியின் மஞ்சள் கோட்டை ஜெர்மனியில் ருங்கே கூர்ந்து பார்த்தபோது ஒட்டினாற்போல மங்கலான இன்னொரு கோடு இருந்தது. சூரியனின் டி3 ஒற்றைக் கோடாயிற்றே, அப்போ ரெண்டும் வேற வேறயா? மறுபடி தொலைநோக்கிகள் சூரியனை நோக்கித் திரும்பின. அதே ஆண்டு சூரியக் கோடும் இரட்டை என்று தெரிந்தது. என்னைக் கேட்டால் ஹீலியம் "கண்டுபிடிக்கப்பட்ட" நாள் இதுதான். ஆனால் இதைத் தேர்வில் எழுதினால் மதிப்பெண் போகும், எச்சரிக்கை.

பிறகு அட்டவணை தன் பங்கைச் செய்தது. ஆர்கானைத் தனியாகத் திணிக்க இடமில்லை. ஹீலியத்தின் அணு எடை 4, ஹைட்ரஜனுக்கும் லித்தியத்துக்கும் நடுவே வருகிறது. இரண்டும் மந்தம், இரண்டும் ஓரணு. அப்போ இது புதுக் குடும்பம், அட்டவணையில் ஒரு பத்தியையே காணோம்! 1897இல் டொராண்டோவில் ராம்சே பேசிய உரையின் தலைப்பே "கண்டுபிடிக்கப்படாத ஒரு வாயு". ஹீலியம் 4, ஆர்கான் 40, நடுவில் 20 அளவில் ஒன்று இருக்க வேண்டும் என்று மெண்டலீவின் வழியிலேயே கணித்தார். 1898இல் ராம்சேயும் டிராவர்ஸும் திரவமாக்கிய காற்றைப் பிரித்து, சில வாரங்களில் கிரிப்டான், நியான், செனான் மூன்றையும் எடுத்தார்கள். நியான் கணித்த இடத்தில் சரியாக நின்றது. மெண்டலீவ் மனம் மாறி அந்தப் பத்தியைப் பூஜ்யத் தொகுதியாக ஏற்றுக்கொண்டார். ஏற்றதோடு நிற்காமல், 1900களின் தொடக்கத்தில் அதே தொகுதியில் ஹைட்ரஜனைவிட லேசான தனிமமாகக் கொரோனியத்தையும் சேர்த்துப் பார்த்தார். முன்பு நம்ப வேண்டியதை நம்பவில்லை, பின்பு நம்பக் கூடாததை நம்பிவிட்டார்!

டி3க்கு ஏன் கருங்கோடு இல்லை என்ற பழைய புதிருக்கும் பின்னாளில் விடை வந்தது. அந்தக் கோட்டை உறிஞ்ச வேண்டுமானால் ஹீலியம் அணு முன்பே மிக உயர்ந்த ஆற்றல் நிலையில் இருக்க வேண்டும். சூரியப் பரப்பின் ஐயாயிரத்துச் சொச்சம் டிகிரி அதற்குப் போதாது. அதனால் சூரியனின் நிறையில் கால்வாசி ஹீலியமாக இருந்தும், பரப்பின் ஒளியில் அதன் தடயமே இல்லை. விளிம்புப் பிழம்பில்தான் தெரியும், அதற்குக் கிரகணமோ ஜான்செனின் உத்தியோ வேண்டும்.

யுரேனியக் கனிமத்துக்குள் அது எப்படி வந்தது? 1908இல் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டும் ராய்ட்ஸும் ஆல்ஃபா துகள்களை மெல்லிய கண்ணாடி வழியே வெற்றுக் குழாய்க்குள் விழவிட்டுச் சேர்த்தார்கள். சில நாளில் அதில் மின்சாரம் பாய்ச்சினால் டி3. ஆல்ஃபா துகள் என்பதே ஹீலியத்தின் அணுக்கரு. யுரேனியமும் தோரியமும் சிதையச் சிதைய, பாறைக்குள்ளேயே ஹீலியம் சேர்ந்துகொண்டிருக்கிறது.

அதே 1908 ஜூலையில் லைடனில் காமர்லிங் ஓன்ஸ் ஹீலியத்தைத் திரவமாக்கினார், மைனஸ் 269 டிகிரியில். அதற்கான வாயுவை அவர் எடுத்தது அமெரிக்காவின் வட கரோலினாவிலிருந்து வந்த மோனசைட் மணலில். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. மறு வருஷம், 1909இல், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தேங்காய் நார்க்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் அதே மோனசைட்டை ஜெர்மானியரான ஷோம்பர்க் அடையாளம் கண்டார். மூலத்தைத் தேடி வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று மணவாளக்குறிச்சி, இன்றைய கன்னியாகுமரி மாவட்டம். தோரியத்துக்காக, அதாவது காஸ் விளக்கு மேண்டிலுக்காக, அந்த மணலை அள்ளினார்கள். அந்த மணலிலும் ஒவ்வொரு மோனசைட் துணுக்குக்குள்ளும் கொஞ்சம் ஹீலியம் அடைந்துதான் கிடக்கிறது. நன்றாகச் சூடாக்கினால் வெளியே வரும்.